அடையாற்றில் ஒரு கூட்ஸ் வண்டி

“செங்கொடி, உங்க பக்கம் ஏதோ ரயில் சத்தம் கேக்குதே?”

நீலா இப்படிக் கேட்டபோது செங்கொடி ஒரு காலை நீட்டி ஜன்னல் கதவைச் சாத்த முயன்றுகொண்டிருந்தாள். கேமராவில் தெரிகிற பாகம் மட்டும் அசையாமல் புன்னகைத்தது.

“டிவி மேடம். பக்கத்து வீட்ல வச்சிருக்காங்க.”

“கூட்ஸ் வண்டி மாதிரி இருந்துச்சு.”

“ஆமா மேடம். படத்துல கூட்ஸ் வண்டிதான் போகுது.”

“ரொம்ப நீளமான சீன் போல” என்றார் நீலா, குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்.

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் அந்த சீன் நாள் முழுக்க ஓடும். செங்கொடியின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு சந்து, சந்துக்கு அப்பால் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் தண்டவாளம். எண்ணெய் டாங்கர்களும் கன்டெய்னர் பெட்டிகளும் யார்டுக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். நீளமான வண்டி போனால் அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அவற்றை உள்ளே தள்ளிவைப்பது அவள் மாமியார் பச்சையம்மாவின் அன்றாட வேலைகளில் ஒன்று.

அடையாறு பக்கம் பறக்கும் ரயில் ஓடுகிறதே, அதையே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பது கூட்டம் முடிந்து சோறு வடிக்கும்போதுதான் செங்கொடிக்குத் தோன்றியது.

ஏனென்றால் நீலாவைப் பொறுத்தவரை செங்கொடி வசிப்பது தென்சென்னையில், வசதியானவர்கள் இருக்கிற அடையாற்றில்.

செங்கொடி ‘வேலைத்துணை’ என்ற இணையதளத்துக்கு எழுதுகிறவள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கும், சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் உபயோகமான செயலிகளைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை. நேரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி, கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்கிற மாதிரி விஷயங்கள். தளத்தின் ஆசிரியர் நீலா பெங்களூரில் இருந்தார். அவருடைய முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு தொட்டிச் செடியும் தெரியும். செடியில் ஓர் இலைகூட அசையாது. நீலாவின் குரலும் அந்த ரகம்தான்.

அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. “நீங்களே வீட்ல வச்சுப் பாக்காத ஒரு ஆப்பைப் பத்தி ஒரு வரிகூட எழுதக் கூடாது. நம்ம தளத்துல பொய் வரக் கூடாது. மத்தபடி உங்க இஷ்டம்.”

அந்த விதியைச் செங்கொடி சுத்தமாகக் கடைப்பிடித்தாள். முகவரி விஷயத்தில் மட்டும்தான் பிசகிவிட்டது. அதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் செய்தவர், கொருக்குப்பேட்டை என்று கேட்டவுடன், “அங்கெல்லாம் நெட் ஒழுங்கா வருமாம்மா?” என்று இரக்கத்தோடு விசாரித்தார். பிறகு கூப்பிடவே இல்லை. அதனால் நீலா “எங்க இருக்கீங்க?” என்று கேட்ட அன்று வாய் தானாக “அடையாறு” என்றது. அடையாற்றில் அவளுக்குத் தெரிந்தது கல்லூரித் தோழியின் கல்யாணம் நடந்த மண்டபமும், அதன் வாசலில் இருந்த பஸ் நிறுத்தமும்தான்.

இப்போது அந்தப் பொய்க்கு விலை ஏறியிருந்தது. நீலா ஓர் ஆளை முழுநேரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிற பெனிஷா ஒருத்தி, செங்கொடி ஒருத்தி. இருவரில் யார் என்பது அந்த மாதத்துக்குள் தெரிந்துவிடும். பெனிஷா சொன்ன நேரத்துக்குக் கட்டுரை கொடுக்கிறவள். அவள் பக்கத்திலிருந்து ஒரு காக்கைச் சத்தம்கூடக் கேட்டதில்லை.

செங்கொடியின் வீட்டில் இதுவரை யாருக்கும் நிரந்தர வேலை என்று ஒன்று வாய்த்ததில்லை. கணவன் அறிவு எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான், கான்ட்ராக்ட். பச்சையம்மா ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் காலையில் இட்லிக் கடை போடுகிறாள். அதுவும் போலீஸ்காரர் நகரச் சொல்லாத வரைக்கும்தான். கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டிக்கொண்டு இருக்கிற ஒரு மருமகளை எதிர்வீட்டுத் தாயம்மாவிடம் காட்டிவிட வேண்டும் என்பது பச்சையம்மாவின் நெடுநாள் ஆசை. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அட்டை எதற்கு என்று அறிவு கேட்டபோது, “வூட்ல மாட்டிகினு இருக்கட்டும், உனுக்கு இன்னா வலிக்கிது?” என்றாள்.

மறுநாள் நீலாவிடமிருந்து செய்தி வந்தது. இந்த வாரக் கட்டுரை, வீட்டுச் சத்தத்தை நீக்குகிற செயலிகளைப் பற்றி.

குத்திக்காட்டுகிறாரா, இல்லை தற்செயலா என்று செங்கொடிக்குப் புரியவில்லை. எதுவானாலும் செயலி தேவைப்பட்டது. உடனே லேப்டாப்பில் ஏற்றினாள். அறிவைப் போனோடு மாடிப்படிக்கு அனுப்பிச் சோதித்தாள். ஜன்னலைத் திறந்துவைத்தாள். குக்கரை ஏற்றினாள். பச்சையம்மாவை உரக்கப் பேசச் சொன்னாள்.

அறிவு படியேறி வந்து ஆச்சரியத்தோடு நின்றான். “உன் கொரலு மட்டும் சோக்கா கேக்குது கொடி. ரயிலு இல்ல, குக்கரு இல்ல. அம்மா வாய் மட்டும் அசையுது, சத்தமே இல்ல.” கொஞ்சம் யோசித்து, “இத்த அப்டியே வூட்ல மாட்ட முடியாதா?” என்றான்.

“அப்போ இனிமே நா பேசலாமா?” என்று கேட்டாள் பச்சையம்மா.

“தாராளமா பேசுங்க அத்தை. அவங்களுக்குக் கேக்காது.”

“நீ நல்லா இருப்ப. மீட்டிங்கு மீட்டிங்குனு வாயில துணிய வெச்சி அடச்சாப்ல இருந்துச்சு எனுக்கு.”

அதுவரை கூட்டம் நடக்கிற நேரத்தில் பச்சையம்மா சைகையில்தான் பேசுவாள். உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட நாக்கைச் சப்பிக்காட்டுவாள். அடுத்த கூட்டத்துக்கு அவள் தாயம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சத்தம் போட்டால் கேட்காத ஓர் இடம் இருக்கிறது என்பதைத் தாயம்மாவால் நம்ப முடியவில்லை. நம்பிய பிறகு, அவளை நிறுத்தவும் முடியவில்லை. இருவரும் செங்கொடிக்கு நேர் எதிரே, லேப்டாப்புக்குப் பின்னால், முறத்தில் நெத்திலியைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தாயம்மாவின் மகள் வீட்டுச் சம்பந்திகள் வளைகாப்பில் செய்த கூத்து ஆரம்பமானது.

நீலாவுக்கு எதுவும் கேட்கவில்லை. செங்கொடிக்கும் நீலா பேசியது எதுவும் கேட்கவில்லை. இயர்போனையும் தாண்டித் தாயம்மாவின் குரல்தான் கேட்டது.

இதற்கு நடுவில் யார்டுக்குள் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது. அதைத் தாண்டிப் பேசுவதற்காகச் செங்கொடி குரலை உயர்த்தினாள். இவ்வளவு பெரிய சத்தம் மனுஷக் குரலாக இருக்காது என்று செயலி முடிவு செய்து அதையும் துடைத்துவிட்டது.

“செங்கொடி, வாய் அசையுது, சத்தம் வரல” என்றார் நீலா.

குரலைத் தாழ்த்தினாள். வந்தது. பிறகு நீலா ஏதோ நீளமாக விளக்கினார். அந்த நேரம் பார்த்துத் தாயம்மாவின் கதையில் சம்பந்தியம்மா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போய்விட்டாள். நீலா பேசி முடித்து, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி மேடம்” என்றாள் செங்கொடி.

“ரொம்ப சந்தோஷம். இதுக்கு நீங்க ஒத்துக்குவீங்கன்னு நான் எதிர்பாக்கல. செவ்வாய்க்கிழமைக்குள்ள முடிச்சிருங்க.”

எதற்கு ஒத்துக்கொண்டோம் என்பது தெரியாமல் செங்கொடிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“காதுல உழல மேடம், இன்னொரு தபா சொல்லுங்கனு கேட்டா இன்னா கொறஞ்சா பூடும்?” என்றான் அறிவு.

“சத்தமே இல்லாத வூட்ல காதுல எப்டி உழாம போவும்? நீயே சொல்லு.”



இருந்தாலும் கட்டுரையை அவள் விதிப்படியே எழுதினாள். ஊர் பெயரை மட்டும் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி. சத்தத்தை நீக்கும் செயலி உங்கள் வீட்டுச் சத்தத்தைக் குறைக்காது, அதற்கு அனுமதி கொடுக்கும் என்று முடித்திருந்தாள். படித்தவர்கள் வரிசையாகப் பின்னூட்டம் போட்டார்கள்.

ஒத்துக்கொண்டது என்ன என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழி தோன்றியது. கூட்டங்களில் கூடவே உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள், என்ன முடிவானது, எதற்கு யார் பொறுப்பு என்று தானாகக் குறிப்பெடுக்கிற ஒரு செயலி உண்டு. அடுத்த கட்டுரைக்கும் ஆயிற்று. நீலாவை எப்படியாவது அந்த விஷயத்தைத் திரும்பப் பேச வைத்துவிட்டால் போதும். தன் காதை நம்ப வேண்டியதில்லை.

“மேடம், போன தடவை பேசினோமே, அது விஷயமா...” என்று அடுத்த கூட்டத்தில் இழுத்தாள். நீலா மறுபடி விளக்கினார். தாயம்மாவும் மறுபடி வந்திருந்தாள். செங்கொடி மறுபடி தலையாட்டினாள். ஆனால் இந்த முறை மனம் நிம்மதியாக இருந்தது. செயலி எழுதிக்கொண்டிருக்கிறது.

அது நன்றாகவே எழுதியது. நீலாவுக்குப் போன குரலைச் சத்தம் நீக்கும் செயலி துடைத்து அனுப்பியது. குறிப்பெடுக்கும் செயலியோ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டது. அடையாளம் தெரியாத குரல்களுக்குத் தெரிந்த பெயர்களை ஒட்டவைத்துக்கொண்டது. கூட்டம் முடிந்த கையோடு, கலந்துகொண்ட அனைவருக்கும் மின்னஞ்சலும் போய்விட்டது.

“இன்றைய கூட்டத்தின் முடிவுகள்: ஞாயிற்றுக்கிழமை வவ்வால் மீன் வாங்குவது, பெரியதாகக் கிடைக்காவிட்டால் சங்கரா. பொறுப்பு: நீலா. சம்பந்தி வீட்டார் செய்தது அநியாயம் என்று கூட்டம் ஒருமனதாகக் கருதுகிறது. இது வெளியே போகக் கூடாது. பொறுப்பு: அனைவரும். செங்கொடி தன் காலண்டரை நீலாவின் காலண்டரோடு இணைத்துவிடுவதாக முன்பே ஒத்துக்கொண்டிருப்பது நினைவூட்டப்பட்டது.”

ஆக, ஒத்துக்கொண்டது காலண்டர். இவ்வளவுதானா என்று செங்கொடி பெருமூச்சு விடுவதற்குள், மேலே இருந்த வரிகளை நீலாவும் படித்திருப்பார் என்பது உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “ஞாயிற்றுக்கிழமை விலை ஏறிவிடும். சனிக்கிழமை வாங்குவதுதான் நல்லது. காலண்டரை மறக்க வேண்டாம். நீலா.”

“கிண்டல் பண்றாங்க” என்று செங்கொடி தலையில் கைவைத்துக்கொண்டாள். “நம்ம கத முடிஞ்சிச்சு.”

பச்சையம்மா பதிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “இதுல இன்னா கிண்டல் கீது? அந்தம்மா கரெக்டாத்தான சொல்லுது.”

காலண்டரை இணைத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வீட்டையும் இதற்குள் கொண்டுவந்துவிட்டால் கூட்ட நேரத்தில் அமைதி கிடைக்குமே என்று ஒரு யோசனை. குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் காலண்டர் என்று அடுத்த கட்டுரைக்குத் தலைப்பும் கிடைத்தது. அறிவின் போனிலும் பச்சையம்மாவின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள்.

“அத்தை, இதோ பாருங்க. சிவப்பா ஒரு கட்டம் தெரிஞ்சா எனக்கு மீட்டிங். அப்ப தாயம்மாக்கா வரக் கூடாது. வெள்ளையா இருந்தா வரலாம்.”

“இந்த மைக்கு படம் எதுக்கு?”

“அதுல பேசினா அதுவே எழுதிக்கும். நாம எழுத வேண்டியதில்ல.”

பச்சையம்மா எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிறவள். ஆனால் பேசுவதில் அவளுக்குக் கஷ்டம் எதுவும் கிடையாது. தான் சொன்னதை ஒரு பெட்டி மதித்து எழுதிக்கொள்கிறது என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மாவரைக்கிற நேரம், அரிசி ஊறப்போடுகிற நேரம், சீட்டுக்காரி வருகிற நேரம், பல் டாக்டர் எல்லாவற்றையும் அதன் காதில் ஓதினாள். குடும்பக் காலண்டர் செங்கொடியின் காலண்டரில் விழுந்தது. செங்கொடியின் காலண்டர் நீலாவின் காலண்டரில் விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில் நீலாவுக்கு ஓர் அழைப்பு போயிருப்பதைச் செங்கொடி பார்த்தாள். “தண்ணி லாரி வருது. கொடத்த எடுத்துகினு கீய வா. லேட்டா வந்தா கெடியாது.” கீழே பச்சை டிக் அடித்திருந்தது. நீலா வருகிறார்.

“அத்தை, என்ன பண்ணிட்டீங்க?”

“நா இன்னா பண்ணேன்? உன்னத்தான் கூப்ட்டேன். அந்தம்மாவும் வரேன்னா வரட்டுமே, ஒரு கொடம் தண்ணிதான?”

நீலாவின் காலண்டர் எல்லா அழைப்பையும் தானாகவே ஏற்றுக்கொள்கிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது என்பது பிறகு புரிந்தது. அது அத்தோடு நிற்கவில்லை. வேலை விஷயமாக முடிவெடுக்க நீலா கூப்பிட்டிருந்த கூட்டம் அதே நேரத்தில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் தண்ணீர் லாரி இருக்கிறதே என்று செயலி கரிசனத்தோடு அந்தக் கூட்டத்தை அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவிட்டது.

நீலாவிடமிருந்து செய்தி வந்தது. “செவ்வாய் அந்த நேரம் எனக்கும் கொஞ்சம் சிரமம்தான். பரவாயில்லை, இனி மாற்ற வேண்டாம். உங்களிடம் ஒரு விஷயம் நேராகக் கேட்க வேண்டியிருக்கிறது. அன்றே முடிவையும் சொல்லிவிடுகிறேன்.”

“இன்னாவாம்?” என்றான் அறிவு. ஷிஃப்ட் முடிந்து வந்து லுங்கியோடு உட்கார்ந்திருந்தான்.

“செவ்வாக்கெழம மீட்டிங்கு.”

“செவ்வாக்கெழமயா? அன்னிக்கு காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் கரண்டு இல்லியே. மராமத்து வேலைனு மெசேஜ் வந்துச்சே, பாக்கலியா?”

செங்கொடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“நாளு மாத்து. கரண்டு இல்லனு சொல்லு” என்றான்.

“அடையாறுல அன்னிக்குக் கரண்டு கீதே.”

“அது அவங்களுக்கு எப்டித் தெரியும்?”

“அவங்க எல்லாத்தையும் பாப்பாங்க. பொய் எழுதிட்டேனானு வாரா வாரம் தேடிப் பாக்கற ஆளு.”

பச்சையம்மா அலமாரியிலிருந்த டம்ளர்களை உள்ளே தள்ளிவைத்துவிட்டுத் திரும்பினாள். “ஏம்மா கொடி, நம்ம ஏரியா பேர சொன்னா வேல குடுக்க மாட்டாங்களா?”

“குடுப்பாங்க அத்தை. ஆனா மொதல்ல ஒரு மாதிரி பாப்பாங்க. அப்பறமாத்தான் குடுப்பாங்க. அந்தப் பார்வைக்குப் பயந்துகினுதான் சொன்னேன்.”

“நா கேட்டாண்ட கட போட்டுகினு கீறேன். தெனம் எத்தினி பேரு எப்டி எப்டிப் பாக்கறான். இட்லிய துன்னுட்டுத்தான போறான்” என்றாள் பச்சையம்மா.

செவ்வாய்க்கிழமை காலையில் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே கரண்ட் போனது. வைஃபை பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. செங்கொடி போனிலிருந்து நெட் எடுக்கப் பார்த்தாள். மொத்தக் கொருக்குப்பேட்டையும் அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்ததால், வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. மொட்டை மாடிக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே நாலு பேர் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சமயத்தில் நீலாவின் செய்தி எப்படியோ தப்பி வந்து சேர்ந்தது. “கொஞ்சம் தாமதமாக ஆரம்பிக்கலாம். இங்கே ஒரு சின்ன வேலை வந்துவிட்டது.”

உயிர் வந்தது. கீழே இறங்கி வந்தபோது பச்சையம்மா புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

“டோல்கேட்டாண்ட பக்தவச்சலம் ஜெராக்ஸ் கட கீது. ஜெனரேட்டரு வெச்சிகீறான், நெட்டும் கீது. பின்னால இன்டர்வியூக்குனே கண்ணாடி ரூம்பு ஒண்ணு கட்டி உட்ருக்கான். கெளம்பு.”

“நீங்க எதுக்கு அத்தை?”

“நாந்தான கொயப்பி உட்டேன். அங்க யாரும் சத்தம் போடாம நா பாத்துக்கறேன். நீ பேசி முடி.”

ஆட்டோ பிடித்தார்கள். கேட் போட்டிருந்தது. கேட்கீப்பர் பச்சையம்மாவின் வாடிக்கைக்காரர், பார்த்ததும் கும்பிட்டார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. ஒரு கூட்ஸ் வண்டி, உலகத்தில் வேறு எவருக்கும் அவசரம் இல்லை என்கிற மாதிரி நிதானமாகப் போனது. செங்கொடி லேப்டாப்பைக் குழந்தையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோல்கேட் கடையில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. கரண்ட் இல்லாத வீடுகளிலிருந்து போன் சார்ஜ் போட வந்தவர்கள், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், சும்மா ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள். வாசலில் ஜெனரேட்டர் அடித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் கண்ணாடி அறையின் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி முழுக்கப் பாஸ்போர்ட் போட்டோ விளம்பரம் ஒட்டியிருந்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை.

“ரூம்பு காலி இல்லியேக்கா” என்றார் பக்தவச்சலம். “உள்ள ஆளு கீறாங்க. அவங்க முடிக்கறவரிக்கும் இங்கயே குந்திக்கினு பேசட்டும். நெட்டு இங்கயும் வரும்.”

லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தது. செங்கொடி அதில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பின்னால் தெரிகிற ஜெராக்ஸ் மெஷினும் தொங்குகிற கோயில் காலண்டர்களும் மறைவதற்காகப் புத்தக அலமாரிப் படம் ஒன்றை வைத்துக்கொண்டாள். பச்சையம்மா நேராகப் போய் லேமினேஷன் மெஷினின் ஸ்விட்சை அணைத்தாள். ஜெராக்ஸ் கேட்டு வந்த ஒரு பெரியவரைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். அவர் மிரண்டுபோய் ஆதார் அட்டையைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

திரையில் நீலா வந்தார். பெங்களூரின் அதே வெள்ளைச் சுவர், அதே செடி.

“செங்கொடி, உங்க குரல் விட்டு விட்டு வருதே.”

ஜெனரேட்டர் சத்தத்தோடு சேர்த்து அவள் குரலையும் செயலி விழுங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அதை அணைத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக, இருக்கிற சத்தம் இருக்கிறபடி போனது.

“இப்ப கேக்குதா மேடம்?”

“கேக்குது. கொஞ்சம் உரக்கப் பேசுங்க. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பெனிஷா நல்லா எழுதறாங்க, சொன்ன நேரத்துக்குக் குடுக்கறாங்க. நீங்க அப்படி இல்ல. ஆனா உங்க கட்டுரையைப் படிச்சா, இவங்க நிஜமாவே மாட்டிக்கிட்டு முழிச்சிருக்காங்கன்னு தெரியுது. அந்தக் காலண்டர் கட்டுரையை வாசகர்கள் அவ்வளவு பேர் பகிர்ந்திருக்காங்க. இந்த வேலைக்கு நீங்கதான் சரின்னு நான் முடிவு பண்ணிட்டேன்.”

செங்கொடிக்குக் கண் கலங்கியது. தலையை மட்டும் ஆட்டினாள். மாமியாரைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். பச்சையம்மா பதிலுக்குத் தன் கழுத்தைத் தொட்டு, அட்டை உண்டா என்று சைகையில் கேட்டாள்.

“ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும்” என்றார் நீலா. “நான் தப்பா நினைச்சிருந்தா மன்னிச்சிருங்க. நீங்க நிஜமாவே அடையாறுலதான் இருக்கீங்களா?”

செங்கொடியின் கட்டை விரல் அப்படியே நின்றது.

“ஏன் கேக்கறேன்னா, எனக்குச் சந்தேகம் வந்து ரொம்ப நாளாச்சு. எங்க இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. கட்டுரை லேட்டானா பொறுத்துக்குவேன். பிழை வந்தா திருத்திக்குவேன். ஆனா இருக்கிற ஊரையே மாத்திச் சொல்ற ஒருத்தரை நம்பி நான் எப்படிக் கூட வேலை செய்யறது? அதை மட்டும் என்னால ஏத்துக்கவே முடியாது. நீங்களே சொல்லுங்க.”

ஜெனரேட்டர் அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் கொடுத்துக்கொண்டு போனது. செங்கொடி அது போய் முடிகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. இனி எந்தச் சத்தத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? லாரியையும் தாண்டிக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“மேடம், நான் சொல்லிடறேன் மேடம். நான் இருக்கிறது...”

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து பக்தவச்சலம் தலையை நீட்டினார். கண்ணாடி அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பச்சையம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“யக்கா, ஊரையே அடக்கறியே, உன் மருமவள கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லு. உள்ள ஒரு மேடம் பெங்களூர்ல கீறாங்க.”